தற்செயலும் கதைப்பின்னலும்: கண்டியிலிருந்து ஒரு நோக்கு

கதை ஒன்றைக் குறைகூற விழையும் திறனாய்வாளனுக்கு மிக எளிதிற் கைக்கெட்டும் குற்றச்சாட்டு, அதன் கதைப்பின்னல் தற்செயல் நிகழ்ச்சிகளிலே தங்கியுள்ளது என்பதாகும். காணாமற்போன மகன் வேண்டிய வேளையிற் கிடைத்துவிடுகிறான். பிரிந்த காதலர் புகைவண்டி நிலையத்தில் எதிர்ப்படுகின்றனர். சேரவேண்டிய கடிதம் சேராது போகிறது. ‘நம்பத்தக்கதன்று’ என்ற ஒரு சொல்லுடன் வழக்கு முடிந்துவிடுகிறது. இத்தீர்ப்பு எங்கிருந்து வந்தது, எவ்வகை இலக்கியத்தை அளப்பதற்கு உருவாயிற்று, எமது சூழலில் அதனை அப்படியே பிரயோகிக்கலாமா என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவற்றை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில நாவலின் தோற்றத்தை ஆராய்ந்த இயன் வாற் 1957இல் வெளியிட்ட தமது நூலில், முன்னைய கதைகள் மாறுவேடத்தையும் தற்செயலையும் நம்பியிருக்க, நாவலோ காலத்தின் ஊடாகச் செயற்படும் காரண காரியத் தொடர்பை நம்பி எழுந்தது என்று வேறுபடுத்திக் காட்டினார். கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியம் (1968) வெளிவந்த பின்னர், நாவலைச் சமுதாய மாற்றத்தோடும் தனிமனிதனின் எழுச்சியோடும் இணைத்து நோக்கும் முறை எம்மிடையே வேரூன்றியது. அது பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் முறை பரவியபோது, அதன் வரலாற்றுணர்வு பின்தங்கிவிட, அளவுகோல் மாத்திரம் கைகளில் எஞ்சியது. காரண காரியத் தொடர்பு உண்டெனில் நாவல். தற்செயல் மிகுந்ததெனில் வெறுங்கதை. பரீட்சை விடைத்தாளுக்கு இது வசதியான வாய்பாடு.

கண்டியிலிருந்து இப்பொருளை நோக்குவதற்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. ஈழத்தவர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் நாவலென ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்ளும் அசன்பேயுடைய கதை (1885) கண்டியிற் பிறந்த சட்டத்தரணி மு. கா. சித்திலெப்பையின் ஆக்கம். பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறாண்டுகளின் பின் வந்தது அது. மறுபுறத்தில், கண்டியைச் சூழ்ந்த மலைகளில் உருவான தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு பின்னாளில் எழுந்த நாவல்களும் சிறுகதைகளும் தமிழ்ப் புனைகதைக்கு முற்றிலும் புதிய களமொன்றை அளித்தன. முன்னது தற்செயலாலே நிறைந்தது. பின்னவற்றுட் சிறந்தவை தற்செயலை ஏறக்குறைய வேண்டாதவை. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆசிரியரின் திறமைக் குறைவு, திறமை மிகுதி என்று விளக்கிவிட எம்மால் இயலாது.

முதலில் ஒரு தெளிவு. தற்செயல் எனப்படுவது காரணமற்ற நிகழ்ச்சி அன்று. தனித்தனிக் காரணங்களால் நகரும் இரு நிகழ்ச்சித் தொடர்கள் ஓரிடத்தில் வெட்டிக்கொள்வதே தற்செயல். ஒவ்வொரு தொடருக்கும் காரணம் உண்டு. வெட்டிக்கொண்டமைக்குத் தனிக் காரணம் வெளிப்படையாகத் தெரிவதில்லை. அரிஸ்தோத்தில் தமது கவிதையியலில் ஆர்கொஸ் நகரத்து மீற்றிஸ் என்பானின் சிலை பற்றிக் குறிப்பிடுவார். மீற்றிஸைக் கொன்றவன்மேலேயே அச்சிலை விழுந்து அவன் மடிந்தான். இத்தகைய தற்செயல் வியப்பூட்டுவது, ஏனெனில் அதில் ஏதோ நோக்கம் இருப்பதுபோலத் தோன்றுகிறது என்பது அவர் கருத்து. இங்கே ‘தோன்றுகிறது’ என்பது மனங்கொளத்தக்கது. கதை கேட்போன் வெட்டுப்புள்ளியில் ஒரு நியதியைத் தேடுகிறான். அந்த நியதிக்கு ஒரு சமுதாயம் தெய்வம் என்று பெயரிடும். இன்னொன்று வினை என்னும். பிறிதொன்று சந்தை என்னும். புனைகதையில் தற்செயலை ஆராய்வது இந்தப் பெயரிடும் முறையை ஆராய்வதாகும்.

எமது மரபில் இதற்குச் சிறந்த சான்று சிலப்பதிகாரம். தலைவனும் தலைவியும் முதன்முதல் எதிர்ப்படுதலையே பால்வரை தெய்வத்தின் ஆணையாகக் கண்ட தொல்காப்பிய மரபு அதற்கு முற்பட்டது. எனினும் அகப்பாடலில் அவ்வெதிர்ப்பாடு கதையின் தொடக்கம். அதனை எவரும் வினவுவதில்லை. காப்பியத்திலோ தற்செயல் கதையின் நடுவே நின்று ஒருவன் உயிரைக் கவர்கிறது. கோவலன் சிலம்பு விற்கச் செல்கிறான். மதுரை மாநகரிலே அவன் எதிர்ப்படுவது அரசியின் சிலம்பை முன்னரே களவாடிய பொற்கொல்லனை. அப்பொற்கொல்லன் அரண்மனை செல்லும் வேளையில், ஊடல் கொண்ட அரசியைத் தணிக்க அரசன் விரைந்துகொண்டிருக்கிறான். இரண்டு தற்செயல்கள், அவற்றின் விளைவு ஒரு கொலை. காப்பியம் இதற்கு ஊழ்வினை என்று விடை தருகிறது.

விடையை ஒருபுறம் வைத்துவிட்டு நிகழ்ச்சியை மாத்திரம் நோக்குவோம். கோவலன் சந்தித்தவன் தெருவோரத் தட்டான் அல்லன். நூறு கம்மியர் பின்வர, அரசனிடம் வரிசை பெற்ற கோலத்தில் வருபவன். கோவலனிடம் இருப்பதோ அரசி அணியத்தக்க சிலம்பு. அத்தகைய அணியை வாங்கக்கூடியோர் ஒரு தலைநகரில் எத்தனை பேர்? அதனை விலைமதித்து அரண்மனைக்குக் கொண்டுசெல்லத் தக்கோர் எத்தனை பேர்? பெருவிலை அணிகலனுக்குச் சந்தை மிகக் குறுகியது. அதன் வாயிலில் நிற்பவன் அரண்மனைப் பொற்கொல்லன். களவாடியவனும் அவனாகவே இருத்தல் கூடும். ஏனெனில் அரசியின் சிலம்பைத் தொடும் வாய்ப்பும் அவனுக்கே உண்டு. ஆகவே கோவலன் அவனைச் சந்தித்தது நாம் முதலில் எண்ணிய அளவு தற்செயலானதன்று. மதுரையின் வாணிக ஒழுங்கு அச்சந்திப்பை ஏறத்தாழ நிச்சயமாக்கியிருந்தது.

அரசன் விரைந்துகொண்டிருந்தது தற்செயலே. ஆயினும், அரசன் விரைந்தால் ஓருயிர் போகும் என்பது தற்செயல் அன்று. ஆராயாது இட்ட ஆணையைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு எதுவும் இல்லாத அரசியலிலேதான் அரசனின் ஒரு கணத்து அவசரம் கொலையாக முடியும். கோவலன் ஏன் பேசமுடியாது போயிற்று என்பதும் இத்துடன் சேர்ந்தது. அவன் வேற்று நாட்டு வணிகன், கையிற் பொருளிழந்தவன், அந்நகரில் அவனுக்குச் சான்று கூறத்தக்கோர் எவரும் இல்லை. புகாரிலே இதே குற்றச்சாட்டு எழுந்திருந்தால் மாசாத்துவானின் பெயர் அவனைக் காத்திருக்கும்.

இதனினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குக் கூறும் முற்பிறப்புக் கதை, தற்செயலுக்கு விளக்கமாகக் காப்பியத்தில் வைக்கப்பட்டது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அணிகலன் விற்கவந்த சங்கமன் என்னும் வணிகனை, அரசனிடம் பணிபுரிந்த பரதன் ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். அப்பரதனே கோவலனாகப் பிறந்தான். விளக்கமென வந்த கதையில் நாம் மீண்டும் காண்பது என்ன? வேற்றூர் வந்த வணிகன், விற்பனைக்குக் கொணர்ந்த அணிகலன், அரசனை அண்டியவனின் பொய், விசாரணையற்ற கொலை. அதே உறவு, அதே முடிவு. வினைக்கோட்பாடு காரணத்தை ஒரு பிறவி பின்னே தள்ளிவைக்கிறது. அங்கும் வணிகனும் அரசதிகாரமும் நேர்ப்படும் அந்த ஆபத்தான உறவே காத்திருக்கிறது. இளங்கோ இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நாம் வாதிடவில்லை. வணிகர் எழுச்சி பெற்ற, அவர்தம் பாதுகாப்பு அரசனின் சொல்லிலே தங்கியிருந்த ஒரு சமுதாயத்தின் அனுபவம் ஊழ் என்ற பெயரோடு இங்கு வடிவம் பெற்றுள்ளது என்பதே எமது கூற்று.

இத்தெளிவுடன் அசன்பேயுடைய கதைக்கு வருவோம். கைரோ நகரில் உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, பல இடர்களைக் கடந்த இளைஞன் ஈற்றில் தன் பிறப்பை அறிந்து பெற்றோரை அடைகிறான். தற்செயல் இங்கே கதையின் அணியாக நிற்கவில்லை, கதையே அதுதான். இதற்கு ஆறாண்டுகளின் பின் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதையும் (1891) இவ்வகையினதே. அதன் ஐரோப்பிய மூலமான இடைக்காலக் கதையில், காட்டிற் பிறந்த இரட்டையருள் ஒருவனைக் கரடி தூக்கிச் செல்ல, மற்றவன் அரசவையில் வளர்கிறான். பின்னர் உடன்பிறந்தோர் என்றறியாமலே இருவரும் பொருதுகின்றனர். இவ்வகைக் கதைகளின் தொல்வடிவத்தைக் கிரேக்க வீரசாகசக் கதைகளிற் கண்ட பக்தீன், அவற்றின் காலம் ‘திடீரென’, ‘அதே வேளையில்’ என்னும் சொற்களால் ஆளப்படுவதென்றும், அங்கே மனிதன் மாறுவதோ வளர்வதோ இல்லையென்றும் காட்டியுள்ளார். அசன்பேக்கும் இது பெரிதும் பொருந்தும்.

ஆனால் பொருந்தாத ஒன்றும் உண்டு. கிரேக்கக் கதையின் நிலவெளி பெயரளவிலானது. எந்நாடும் எந்நாடாகவும் இருக்கலாம். சித்திலெப்பையின் நிலவெளி அவ்வாறன்று. கைரோவும் பம்பாயும் 1885இல் வாழ்ந்த வாசகனின் உலகில் உண்மையாகவே இணைக்கப்பட்டிருந்தன. சுயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டது. மக்கா செல்லும் யாத்திரிகரும் அரபுக் குதிரை வணிகரும் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி ஏறினர். நாவல் வெளிவந்த அதே 1885இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் நிறைவெய்தியது. நீராவிக் கப்பலும் தந்தியும் மனிதரையும் செய்திகளையும் முன்னெப்போதும் காணாத வேகத்திற் கலந்தன. கைரோவிற் பிறந்தவன் பம்பாயில் வளர்வது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விந்தை. அதன் இறுதியிலோ செய்தித்தாளின் உட்பக்கத்துச் செய்தி. சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் வார இதழைத் தொடங்கியவர் என்பதை மறத்தலாகாது. உலகின் பல மூலைகளில் ஒரே கிழமையில் நடந்தவற்றை ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடும் பத்திரிகையாசிரியனுக்கு, தொடர்பற்ற நிகழ்ச்சிகள் அருகருகே நிற்பது நாளாந்தத் தொழில். அவரது கதைப்பின்னலுக்கும் பத்திரிகைத் தொழிலுக்கும் இடையே உள்ள உறவு இன்னும் முறையாக ஆராயப்படவேண்டியது.

எகிப்தை அவர் ஏன் தெரிந்தெடுத்தார் என்ற வினாவும் இவ்விடத்தே எழும். 1882 செப்ரெம்பரில் தெல் எல் கெபீர்ப் போரில் எகிப்தியப் படை பிரித்தானியரிடம் தோற்றது. அதன் தலைவர் அஹமத் ஒறாபி பாஷா 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பை அடைந்தார். இலங்கை முஸ்லிம்களின் கல்வி முயற்சிகளில் அவரும் சித்திலெப்பையும் இணைந்து நின்றமை வரலாறு. பின்னர் ஒறாபி கண்டியிற் குடியேறி 1901வரை வாழ்ந்தார். அவர் வாழ்ந்த இல்லம் பிற்காலத்தில் நினைவகமாக்கப்பட்டது. பாஷா வீட்டுப் பிள்ளையின் கதையை எழுதியவரின் ஊருக்கே பாஷா ஒருவர் வந்து குடியேறினார்! நாவலில் இவ்வாறு வந்திருந்தால், நம்பத்தக்கதன்று என்றிருப்போம். உண்மையில் இது தற்செயலன்று. தோற்ற அரசரையும் தளபதிகளையும் ஒரு குடியேற்ற நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிவைப்பது பேரரசின் வழக்கமான நிர்வாக முறை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இற் கைப்பற்றி வேலூருக்கு அனுப்பிய அதே முறையே ஒறாபியைக் கண்டிக்குக் கொணர்ந்தது. ஊர்கள் தம்முள் அறியாதவை. அவற்றை இணைத்த கை ஒன்றே.

அப்படியாயின் அசன்பேயின் குறைபாடு எங்கே உள்ளது? சந்திப்புகள் நிகழ்வதில் அன்று. சந்திப்புகள் வெளிப்படுத்தும் உண்மையின் தன்மையிலே உள்ளது. நாயகனின் பண்பும் ஆற்றலும் அவன் வளர்ந்த சூழலால் ஆனவை எனக் கதை ஒத்துக்கொள்வதில்லை. அவன் உயர்குடிப் பிறப்பினன் என்பது வெளிப்பட்டதும் அனைத்தும் விளங்கிவிடுகின்றன. தற்செயல் இங்கே பிறப்பின் உரிமையை மீட்டுக்கொடுக்கும் நீதிமன்றமாகத் தொழிற்படுகிறது. கப்பலும் தந்தியும் ஓடும் முதலாளித்துவ உலகிலே கதை நடக்கிறது. அதன் தீர்ப்போ நிலவுடைமை உலகின் தீர்ப்பு. இந்த முரண்பாடு சித்திலெப்பையினது மாத்திரம் அன்று. நவீன கல்வியை வேண்டிப் போராடிக்கொண்டே பழைய குடிப்பெருமையிலிருந்து தன் சமூகத்துக்குத் தன்னம்பிக்கை தேடிய ஒரு புதிய நடுத்தர வர்க்கத்தின் முரண்பாடு அது. சிதறிக் கிடந்த ஒரு சமூகம் கடல் கடந்தும் தன் உறவை உணரவேண்டும் என்ற வேட்கைக்கு, தொலைந்த மகன் பெற்றோரைச் சேரும் கதையைவிடப் பொருத்தமான வடிவம் அன்று அவருக்குக் கிட்டியிராது. இவ்வகையில் அசன்பேயுடைய கதை இலக்கிய வரலாற்று நூல்கள் வழமையாக ஒதுக்கும் இரண்டு பந்திகளுக்கு மேலான கவனத்துக்குரியது.

கோட்பாட்டை இங்குச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். எங்கெல்ஸ் 1894 ஜனவரியில் எழுதிய கடிதமொன்றில், வரலாற்றில் நியதியானது எண்ணற்ற தற்செயல்களின் ஊடாகவே தன்னை நிலைநாட்டிக்கொள்கிறது என்று விளக்கினார். லூக்காச் 1936இல் எழுதிய கட்டுரையில், ஸோலாவின் நானாவில் வரும் குதிரைப் பந்தயத்தையும் தோல்ஸ்தோயின் அன்னா கரேனினாவில் வரும் குதிரைப் பந்தயத்தையும் ஒப்பிட்டார். முன்னது துல்லியமான வருணனை, கதையோடு ஒட்டாதது. பின்னதில் விரோன்ஸ்கியின் குதிரை வீழ்வது தற்செயலாயினும், அவ்வீழ்ச்சி அன்னாவின் உள்ளத்தைக் கணவன் முன்னே வெளிப்படுத்தித் தவிர்க்கமுடியாத நெருக்கடியைத் திறக்கிறது. ஆகவே தற்செயல் உள்ளதா இல்லையா என்பது வினாவன்று. அது எதனைத் திறக்கிறது, எதனை மூடுகிறது என்பதே வினா. திறப்பதற்கு வரும் தற்செயலை வாசகன் ஏற்கிறான். மூடுவதற்கு வரும் தற்செயலின் முன்னே முகஞ்சுளிக்கிறான். வாசகனின் இவ்வுணர்வு சரியானதே.

இனித் தோட்டத்துக்கு வருவோம். ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துரத் தோட்டத்தின் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டது 1867இல். கொழும்பிலிருந்து புகைவண்டி கண்டியை அடைந்ததும் அவ்வாண்டே. ஈராண்டின் பின் 1869இல் கோப்பியை அழித்த இலைநோய் தோன்றியது. கோப்பித் தோட்டத்துத் தொழிலாளி பருவகாலத்துக்கு வந்து மீள்பவன். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே தொழிலாளியும் ஆண்டு முழுவதும் லயத்தில் இருத்தப்பட்டான். புனைகதைக்கு இது தரும் விளைவைக் கவனித்தல் வேண்டும். வேலைத்தலம், வீடு, கடை, கோயில், மருந்தகம், சுடுகாடு அனைத்தும் ஒரே எல்லைக்குள், ஒரே உரிமையாளரின் நிலத்தில். விடியலில் பிரட்டுக்களத்தில் எல்லோரும் எல்லோரையும் காண்கின்றனர். கொழுந்து மடுவத்தில் மீண்டும் காண்கின்றனர். பகைவனும் காதலியும் கடன் கொடுத்தவனும் கங்காணியும் நாளுக்கு இருமுறை எதிர்ப்பட்டே தீரவேண்டும். நகரத்துக் கதாசிரியன் பாத்திரங்களைச் சந்திக்கவைக்கக் கண்டி பஸ் நிலையத்தையோ பேராதனைச் சந்திப் புகைவண்டி நிலையத்தையோ எசல பெரஹராவின் கூட்டத்தையோ நாடவேண்டியிருக்கும். தோட்டத்துக் கதாசிரியனுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவனுக்குள்ள சிக்கல் எதிர்மாறானது: எவரையும் எவரிடமிருந்தும் மறைக்க இடமில்லை.

என்.எஸ்.எம். இராமையாவின் ஒரு கூடைக் கொழுந்து இதனை நன்குணர்ந்த கதை. ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை வழமைக்கு மீறியிருந்தது என்பதே முடிச்சு. தராசு காட்டிய எண்ணிலிருந்து ஐயம் பிறக்கிறது; ஐயத்திலிருந்து அவதூறு; அவளுடைய மானம் அவளுடைய உழைப்பின் அளவோடு பிணைந்துவிடுகிறது. வெளியிலிருந்து எந்த நிகழ்ச்சியும் வந்து விழவேண்டிய தேவை இல்லை. உழைப்பை நிறுத்துக் கூலி கணிக்கும் முறையே கதைப்பின்னலையும் தந்துவிடுகிறது. தமிழ்ச் சிறுகதையில் உற்பத்தி முறையும் கதை முடிச்சும் இவ்வளவு இறுக்கமாக ஒன்றிய இடங்கள் அதிகமில்லை என்பது எமது துணிபு.

இவ்வடைபட்ட உலகில் உண்மையான நிகழ்ச்சி ஒருவன் வெளியேறுவதாகும். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, தொழிலாளியின் கடன் எழுதிய சிறு கடதாசி அவன் எந்தத் தோட்டத்துக்குப் போகலாம் என்பதைத் தீர்மானித்தது. அதன் பின்னும் பேர் வெட்டப்பட்டவன் வேலையை மட்டுமன்றி வீட்டையும் இழந்தான். சி.வி. வேலுப்பிள்ளையின் வீடற்றவன் தன் தலைப்பிலேயே இதனைச் சுட்டுகிறது. தொழிற்சங்கம் அமைக்க முயன்றவன் வேலைநீக்கம் பெறுவதை எந்த வாசகனும் தற்செயல் என்று கூறான். ஆனால் அதன்பின் அவன் அலையும்போது எதிர்ப்படுவோர், கிடைக்கும் உதவி, மறுக்கப்படும் இடம் யாவும் தனிமனிதனின் அதிர்ஷ்டம் துரதிர்ஷ்டம் போலத் தோன்றும். அமைப்புக்குள் இருக்கும்வரை நியதி வெளிப்படையானது. அமைப்பிலிருந்து துரத்தப்பட்டவனுக்கு அதே நியதி தற்செயலாக உருமாறிக் காட்சியளிக்கிறது. வேலையற்றோன் தன் வாழ்வைச் சீட்டுக் குலுக்கலாக உணர்வது இதனாலேயே.

கண்டிக்கு அண்மையில் தலாத்துஓயாவைச் சேர்ந்த கே. கணேஷ், முல்க் ராஜ் ஆனந்தின் ஆங்கில நாவலைத் தீண்டாதான் எனத் தமிழாக்கினார். எமது பொருளுக்கு அந்நாவல் ஒரே படைப்பில் இருவகைத் தற்செயலையும் காட்டும் அரிய எடுத்துக்காட்டு. மூலம் 1935இல் வெளிவந்தது. பக்கா என்னும் துப்புரவுத் தொழிலாளியின் ஒரு நாள் வாழ்வு அதன் களம். கடைத்தெருவில் இனிப்பைத் தின்றவாறு நடக்கும் பக்கா உயர்சாதியினன் ஒருவன்மீது பட்டுவிடுகிறான். பட்டது தற்செயல். ஆனால் சனநெரிசல் மிகுந்த தெருவில் ஒருவர்மீது ஒருவர் படுவது இயல்பாயிருக்க, பக்கா பட்டதும் கூட்டம் கூடி வசைபாடுகிறதே, அதிலேதான் சாதியமைப்பு முழுமையாக வெளிப்படுகிறது. தற்செயல் ஒரு கதவைத் திறக்கிறது. உள்ளே ஆயிரமாண்டு இருள். நாவலின் முடிவிலோ, அதே நாளின் மாலையில் கிறித்தவப் பாதிரியார், மகாத்மா காந்தி, இயந்திரக் கழிப்பறை பற்றிப் பேசும் கவிஞர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக அவன் வழியில் வந்து தத்தம் தீர்வை மொழிகின்றனர். ஒரு நாளுக்கு இது அதிகம். பக்காவின் வாழ்வு அவர்களை அழைக்கவில்லை, ஆசிரியர் அழைத்தார். முற்பகுதியின் தற்செயல் சமுதாயத்தினது. பிற்பகுதியின் தற்செயல் கட்டுரையினது. எனினும் இந்நாவலைத் தமிழுக்குக் கொணர்ந்த கணேஷின் பணி எமது மதிப்புக்குரியது. மொழிபெயர்ப்பின் தரம் பற்றித் தனியே எழுதுதல் வேண்டும்.

வணிகநோக்குடைய தொடர்கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் தற்செயல் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தியை விட்டுவிடவும் முடியாது. எங்க வீட்டுப் பிள்ளை (1965) போன்ற படங்களிற் பிரிந்த இரட்டையர் கதையைத் தோட்டத் தொழிலாளர் விரும்பிக் கண்டனர். இதனை மயக்கம் என்று ஒதுக்குவது எளிது. மண்டபம் முகாமிலும், மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுப் பாதையிலும் உறவுகளை இழந்த தலைமுறையொன்றின் பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்தோர் கூடும் கதை வெறுங் கற்பனையாகப் பட்டிருக்காது. அவர்களது ஏக்கம் உண்மையானது. திரைப்படம் அதற்கு அளித்த தீர்வு பொய்யானது. பிரிந்த தம்பி சொத்துள்ள வீட்டிற் கிடைப்பான் என்னும் வாக்குறுதி, அசன்பேயின் பாஷா மாளிகையிலிருந்து அதிக தூரம் வந்துவிடவில்லை.

முற்போக்கு எழுத்தாளரின் படைப்புகளிலும் அவர்களுக்கேயுரிய தற்செயல் ஒன்றுண்டு. பாத்திரங்கள் நம்பிக்கையிழக்கும் அத்தியாயத்தின் ஈற்றில் நகரத்திலிருந்து படித்த தோழர் வந்து சேர்கிறார். வேலைநிறுத்தம் தோற்கவிருந்த மாலையில் அயல் தோட்டங்கள் யாவும் ஒருசேர எழுகின்றன. பழைய கதையில் தெய்வம் நின்ற இடத்தில் இங்கே வரலாறு நிறுத்தப்படுகிறது. வர்க்க உணர்வு எவ்வாறு, எந்தத் தடைகளினூடே வளர்கிறது என்று காட்டவேண்டிய சிரமத்திலிருந்து ஆசிரியனை இது விடுவித்துவிடுகிறது. யதார்த்தவாதத்தின் பெயரால் அசன்பேயைக் கண்டித்துவிட்டு இத்தகைய முடிவுகளைப் புரட்சிகர நம்பிக்கை என்று பாராட்டுவது நேர்மையாகாது. மார்க்சிய நோக்கு உடையோரே இதனை முதலிற் கூறுதல் வேண்டும்.

ஈற்றில், எழுதப்படவேண்டிய, ஓரளவே எழுதப்பட்டுள்ள ஒரு பொருளைச் சுட்டுவோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்ரோபரில் ஸ்ரீமாவோ சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. 1974இல் அவ்வெஞ்சியோரும் செம்பாதியாகப் பங்கிடப்பட்டனர். விண்ணப்பங்கள் தனித்தனியே தீர்க்கப்பட்டதால் ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில், தகப்பனுக்கு ஒரு நாடும் மகனுக்கு வேறொரு நாடும் வாய்த்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் சென்ற புகைவண்டிகளில், 1980களின் நடுப்பகுதியில் இராமேசுவரக் கப்பற்சேவை நிற்கும்வரை, இக்குடும்பங்கள் பாதிபாதியாக ஏறின. ஒரு குடும்பம் எப்படிப் பிளவுண்டது என்று கதையில் எழுதினால், எந்த விண்ணப்பம் எந்தக் கிழமை எந்த எழுதுவினைஞரின் மேசையை அடைந்தது என்பதுவரை தற்செயலாகவே தோன்றும். அத்தனை தற்செயல்களுக்கும் அடியில் இரு அரசுகளும் ஒப்பமிட்ட மூன்று எண்கள் உள்ளன.

மறுகரையில் இக்கதை தொடர்கிறது. தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968இற் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில், கண்டிச்சீமையிலிருந்து சென்றோர் மீண்டும் லயங்களில் வைக்கப்பட்டனர். முப்பது ஆண்டுகளின் முன் கண்டிக்கு அருகே ஒரே பிரட்டுக்களத்தில் நின்ற இருவர் கூடலூர் மடுவமொன்றில் எதிர்ப்பட்டு ஒருவரையொருவர் அறிந்துகொள்வதாக ஓர் இளம் எழுத்தாளர் கதை எழுதினால், அதனை நம்பமுடியாத தற்செயலென்று அடித்துவிட எமது வகுப்பறைத் திறனாய்வு ஆயத்தமாயிருக்கும். அக்கதாசிரியர் செய்யவேண்டியது அச்சந்திப்பை நீக்குவதன்று. அந்த இருவரையும் அதே தொழிலுக்கு, அதே வகை வரிசை வீட்டுக்கு, அதே கொழுந்துத் தராசின் முன்னே கொணர்ந்து நிறுத்திய பதிவேடுகளையும் குடியேற்றத் திட்டத்தையும் கதைக்குள்ளே கொணர்வதே ஆகும். அப்போது அவர்கள் கட்டித்தழுவிக் கண்ணீர் விடுவதோடு கதை முடியாது. கூலி நிறுக்கும் எழுத்தர் அடுத்த கூடையை அழைப்பார். இருவரும் வரிசையில் நகரவேண்டியிருக்கும்.